துருப்பிடித்த கப்பலும் தென்சீனக் கடலும்

தென்சீனக் கடலில், பிலிப்பின்ஸின் பலாவான் தீவுக்கு மேற்கே சுமார் 195 கி.மீ. தொலைவில், இரண்டாம் தாமஸ் திட்டு என்ற பவளப் பாறையின் மீது 1999 முதல் அசையாமல் நிற்கிறது ஒரு கப்பல். உடலெங்கும் துரு, பல இடங்களில் ஓட்டை. ஆனாலும் 'சியரா மாத்ரே' இன்றும் பிலிப்பின்ஸ் கடற்படையின் பணியில் உள்ள போர்க்கப்பல்தான்.

அது கட்டப்பட்டது 1944-இல், கடலே இல்லாத இண்டியானா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள எவான்ஸ்வில் நகரில். எல்.எஸ்.டி.-821 என்பது அதன் முதற்பெயர். டாங்கிகளைச் சுமந்து சென்று, தட்டையான அடிப்பாகத்துடன் கரையில் ஏறி, முகப்புக் கதவைத் திறந்து இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல். ஓகினாவாவில் பணியாற்றியது, வியத்நாம் போரில் மெக்காங் கழிமுகத்தில் ரோந்துப் படகுகளுக்குத் தளமானது. 1970-இல் தென் வியத்நாமுக்குக் கைமாறியது. 1975-இல் சைகோன் வீழ்ந்தபோது தப்பிய கப்பல்களுடன் பிலிப்பின்ஸ் வந்து சேர்ந்தது.

அருகிலுள்ள மிஸ்சீஃப் திட்டை 1995-இல் சீனா கைப்பற்றியதற்கு மறுமொழியாகவே மணிலா இக்கப்பலை வேண்டுமென்றே தரைதட்டச் செய்தது. கரையேறித் திரும்புவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல், இம்முறை திரும்பாமல் இருப்பதற்காகக் கரையேறியது. ஏழை நாட்டின் தந்திரம் என்று இதை எள்ளி நகையாடியோர் உண்டு. ஆனால், பணியிலிருந்து விடுவிக்கப்படாத கப்பல் மீதான தாக்குதல், 1951-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை இழுத்துவரக் கூடும் என்பதை பெய்ஜிங் நன்கறியும். இதுவரை கப்பலைக் காத்தது அதன் இரும்பன்று, இந்தக் கணக்கே.

சட்டம் பாதி வழிதான் துணை வந்தது. 2016-இல் நடுவர் மன்றம், ஓதம் வற்றும்போது மட்டுமே தலைகாட்டும் இத்திட்டு பிலிப்பின்ஸின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்குள் அடங்கும் என்றது. ஆனால், அங்கு நிலவும் முற்றுகை ராணுவ நடவடிக்கை என்பதால் தனக்கு அதிகாரமில்லை என விலகிக்கொண்டது. சீனாவோ தீர்ப்பையே ஏற்கவில்லை.

2024 ஜூன் 17 அன்று, பொருள் கொண்டுசென்ற பிலிப்பின்ஸ் படகுகளைச் சீனக் கடலோரக் காவல் படையினர் கத்தி, கோடரிகளுடன் மறித்தனர். பிலிப்பின்ஸ் மாலுமி ஒருவர் கட்டைவிரலை இழந்தார். உயிரிழப்பு நேர்ந்திருந்தால்? அதற்குச் சில நாள்கள் முன்னர்தான், திட்டமிட்ட செயலால் பிலிப்பின்ஸ் குடிமகன் ஒருவர் கொல்லப்பட்டால் அது போர்ச் செயலுக்கு மிக அருகில் வரும் என அதிபர் மார்கோஸ் சிங்கப்பூரில் எச்சரித்திருந்தார். அடுத்த மாதமே இரு தரப்பும் தற்காலிகப் புரிந்துணர்வுக்கு வந்ததில் வியப்பில்லை.

அந்தப் புரிந்துணர்விலும் முரண்பாடு உண்டு. முன்னறிவிப்பும் நேரடிச் சரிபார்ப்பும் வேண்டும் என்கிறது சீனா; அப்படி எதற்கும் இசையவில்லை என்கிறது மணிலா. உண்மையான பூசல் உணவையும் குடிநீரையும் பற்றியதன்று. சிமென்டையும் இரும்பையும் பற்றியது. கப்பலைச் செப்பனிட்டால் அது நிரந்தரத் தளமாகிவிடும் என சீனா அஞ்சுகிறது. செப்பனிடாவிட்டால், ஒரு குண்டும் வெடிக்காமலே உப்புநீர் அந்த வேலையை முடித்துவிடும். 80 வயதைக் கடந்த கப்பலுக்கு மாற்றாக அத்திட்டில் எதை நிறுத்துவது என்பதை மணிலா இன்னும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.