சரித்திர நவீனமும் மலையமான் நாடும்

பழம்பெருமை பேசுவதில் தமிழராகிய நாம் எவர்க்கும் பின்னிடுவதில்லை. ஆயின், பழமையைப் புகழ்தல் வேறு; பழமையை அறிதல் வேறு. அறிதற்குச் சாசனங்களும் ஆராய்ச்சி நூல்களும் உள. அவற்றைக் கற்பார் சிலரே. முன்னையோர் வாழ்வைப் பல்லாயிரவர் உள்ளத்தில் உயிரோடு நிறுத்தும் ஆற்றல் சரித்திர நவீனத்துக்கே சிறப்பாக உண்டு. அத்துறையில் தமிழகத்தே தலைமை பெற்றவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. அவர்தம் வாழ்வையும் தொழிலையும் எண்ணிப் பார்த்து, அவர் தொடங்கிவைத்த பணியில் எம் கள்ளக்குறிச்சி நாட்டுக்கும் கல்வராயன் மலைக்கும் உரிய பங்கு யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்கி 1899 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் நாள் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். 1879 இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டுத் தமிழ் நவீனத்துக்குக் கால்கோள் செய்த வேதநாயகம் பிள்ளை முன்சீபாக அமர்ந்திருந்ததும் அம்மாயூரமே. திருச்சிராப்பள்ளியில் பயின்றுவந்த கல்கி, ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்புக்கு இணங்கிப் பள்ளியைத் துறந்தார். 1922 இல் சிறை புகுந்தார். மீண்டபின் திரு. வி. க. அவர்களின் 'நவசக்தி'யில் எழுத்துத் தொழில் பழகினார். பின்னர்த் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தை அடைந்து, இராஜாஜி நடத்திய 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழுக்குத் துணைநின்றார். அதன்பின் பத்தாண்டுக் காலம் 'ஆனந்த விகட'னில் உழைத்து, 1941 இல் தி. சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

அவ்விதழிலேதான் அவருடைய முதற் சரித்திர நவீனமாகிய 'பார்த்திபன் கனவு' வெளிவரலாயிற்று. அப்போது அவர்க்கு வயது 42. அதனைத் தொடர்ந்து 1944 இல் 'சிவகாமியின் சபத'மும், 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னும் தோன்றின. 1954 டிசம்பர் 5 ஆம் நாள் அவர் மறைந்தார். பதின்மூன்று ஆண்டு உழைப்பில் பல்லவரையும் சோழரையும் தமிழர் இல்லந்தோறும் குடியேற்றினார் என்பது மிகையன்று.

இத்துறையில் அவர்க்கு முன்னோர் இலர் என்பதன்று. திருக்கோணமலையிற் பிறந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை 'மோகனாங்கி'யை 1895 இலேயே வெளியிட்டார். ஆயினும், இதழைக் கையில் எடுத்த எளிய வாசகரை அடுத்த இதழுக்கு ஏங்க வைத்தவர் கல்கியே. அவ்வெற்றி நடையழகு ஒன்றால் மட்டும் வந்ததன்று. நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் முதலியோரின் ஆராய்ச்சிகளைக் கற்றார். ஓவியர் மணியத்தை உடனழைத்துக்கொண்டு இலங்கைக்குச் சென்று கதை நிகழும் இடங்களைக் கண்டார். கற்றதையும் கண்டதையும் ஒன்றாக்கிய பின்னரே கற்பனைக்கு இடங்கொடுத்தார். இம்முறையே அவர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம் என்பது எம் கருத்து.

இனி, எம் நாட்டைப் பார்ப்போம். 2019 இல் விழுப்புரத்தினின்று பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியது திருக்கோவலூர். பெண்ணையாற்றங்கரையில் உள்ள இவ்வூரே மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர். காரி, சேரனுக்குத் துணையாகிக் கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்றான். பிற்காலத்தே கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக் காலில் இடுவிக்கத் துணிந்தபோது, கோவூர் கிழார் பாடித் தடுத்து அவர்களை உய்வித்தார் எனப் புறநானூறு அறிவிக்கின்றது. யானையைக் கண்டு அழுகை மறந்த அப்பிள்ளைகளின் கதையினும் உருக்கமான நவீனப் பொருள் வேறு எங்கே கிடைக்கும்?

திருக்கோவலூர் வீரட்டானத்துச் சாசனமொன்று, கபிலர் பாரி மகளை மலையர்க்கு அளித்துப் பெண்ணையாற்றுக் கல்லில் தீப்புகுந்ததைச் சொல்கின்றது. மலையர் குலத்திற் பிறந்து இராசராசனைப் பெற்ற வானவன்மாதேவி, பால்மணம் மாறா மகவைப் பிரிந்து கணவனோடு தீப்புக்கதையும் அதுவே சொல்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த பேரரசனின் தாய்வழி எம் நாட்டது என்பதை எம் நாட்டாருள் எத்துணைப் பேர் அறிவர்?

கல்கி இதனை மறந்தாரல்லர். 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனின் பாட்டனாராகத் திருக்கோவலூர் மலையமான் வருகின்றார். கடம்பூருக்குச் செல்லற்க எனப் பேரனைத் தடுக்கும் அம்முதியவரின் அன்பு நம் நெஞ்சை விட்டு அகலாது. எனினும், அவர் சோழர் கதையில் வந்து போகும் துணைவரேயன்றித் தம் கதைக்குத் தலைவரல்லர். 'பார்த்திபன் கன'விலோ, கல்வராயனுக்கு அயலதாகிய கொல்லிமலை, காபாலிகர் மறைந்து வாழும் அச்சந்தரும் குகையிடமாகவே காட்சியளிக்கின்றது. மலை என்பது மறைவிடம். மலையிலேயே பிறந்து உழுது வாழ்ந்து மடியும் மக்கள் கதையில் இல்லை. இது கல்கியின் குற்றமன்று. அவர் எடுத்த பொருள் பேரரசு. ஆனால், அவர்க்குப் பின் வந்தோரும் அரண்மனை வாயிலிலேயே நின்றுவிடுவது முறையாகுமா?

மேனாட்டிற் சரித்திர நவீனத்தின் தந்தை எனப்படும் வால்டர் ஸ்காட் என்ன செய்தார்? 1814 இல் வெளியான அவருடைய 'வேவர்லி', 1745 இல் கிளர்ந்தெழுந்த ஸ்காட்லாந்து மலைக்குடிகளைப் பற்றியது. 'அறுபது ஆண்டுகட்கு முன்' என்பதே அதன் துணைத்தலைப்பின் பொருள். அக்கிளர்ச்சியிற் கலந்த முதியோர் வாயிலாகவே கேட்டறிந்த செய்திகள் அவர்க்குத் துணையாயின. ஆகவே, சரித்திர நவீனம் என்பது ஆயிரம் ஆண்டுப் பழமைக்கு மட்டும் உரியதன்று. தாத்தாவின் நினைவும் சரித்திரமே.

கல்வராயன் மலைக்கு அத்தகைய சரித்திரம் உண்டு. அங்கு வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் மலைக்குடியினர். மலையை ஆள்வோர் என்பது பற்றிய பெயரேயன்றி மலையாள மொழி பற்றியதன்று. தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. மலை முழுதும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. குடிகள் வரியும் செலுத்திக் கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. நாடு 1947 இல் விடுதலை பெற்றும், அம்மலை ஜாகீர் ஆட்சியினின்று நீங்கியது 1976 இலேதான். வெட்டி வேலை செய்து முதுகு வளைந்தோருட் சிலர் இன்றும் முதுமையில் உளர். அவர்கள் மறைந்தால் அக்கதையும் மறையும். அதற்குச் செப்பேடு இல்லை, கல்வெட்டு இல்லை.

உலகம் எம் நாட்டைப் பற்றிக் கேட்பது வேறொரு செய்தி. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று முதல் கல்வராயன் என்றாலே சாராய மலை என்று சொல்லும் வழக்கம் வலுத்தது. அதன்பின் மலைமக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது நன்றே. மதுவை எதிர்க்கத் திருச்செங்கோட்டில் இதழ்ப்பணி செய்த கல்கி இன்றிருப்பின், சாராயத்தைக் கடிவதோடு நில்லாது, அம்மக்கள் எவ்வாறு இந்நிலைக்கு வந்தனர் என்று கேட்டிருப்பார் என்றே நம்புகின்றோம். தன் கதையைத் தான் சொல்லாத நாட்டின் கதையைப் பிறர் ஒரே சொல்லில் முடித்துவிடுவர்.

சாசனமில்லா மலைக்குச் சரித்திர நவீனம் எவ்வாறு எழுதுவது எனச் சிலர் வினவலாம். பாட்டும் பழமொழியும் கோயில் வழக்கும் சான்றுகளே; அவற்றைச் சாசனம் போன்றே ஒப்புநோக்கி ஆராய்தல் வேண்டும். சமவெளியிற் பிறந்தார் மலைவாணரைப் பற்றி எழுதினால், மீண்டும் அவர்களைக் காட்சிப் பொருளாக்கிவிடாரோ என்பது இரண்டாம் ஐயம். இது வலிய ஐயம். எடின்பரோ நகரத்தவராகிய ஸ்காட்டும் மலைக்குடிகளை அழகு மிகுத்துக் காட்டினார் என்னும் குறைக்கு ஆளானார். ஆதலின், அந்நவீனத்தை மலையிற் பிறந்த ஓர் இளைஞரோ நங்கையோ எழுதுவதே சாலச் சிறந்தது. அவர் எழுந்து வரும்வரை நாம் வாளா இருத்தலும் தகாது. முதியோர் சொல்வதை அவர் சொல்வழியே, அவர் இசைவோடு எழுதிவைத்துக் காத்தல் தமிழ் கற்கும் மாணவர் எவர்க்கும் இயலும்.

நண்பர்காள்! கல்கிக்கு விழா எடுத்தல் எளிது. அவர் நடையைப் பின்பற்றி இன்னொரு சோழர் கதை புனைதலும் அரிதன்று. அவர் இலங்கைக்குக் கடல் கடந்து சென்றார். நாம் கல்வராயனுக்கு மலையேறிச் சென்றால் போதும். வரும் விடுமுறையில் நம் தமிழ்ச் சங்கத்தார் ஏடும் எழுதுகோலுமாக அங்கே புறப்படுவாராக. மலையமான் மக்களைக் காக்க அன்று ஒரு புலவர் வாய்திறந்தார்; இன்று நாம் செவி திறந்தாலே போதுமானது.