லைன் வீடு யாருக்குச் சொந்தம்?

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தமிழருக்கு வேலை கொடுக்கவே 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் கண்டது. 1976இல் அது 'டான்டீ' கழகமாயிற்று. அட்டைக்கடியிலும் மழையிலும் கொழுந்து பறித்து அதை வளர்த்தவர்கள் இத்தொழிலாளர்களே.

முதலாளி வீடு தரவேண்டும் என்றது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆனால் அந்த வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. வேலை உள்ளவரைதான் கூரை. ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். கூரை போய்விடுமோ என்ற பயம் கூலி கேட்கும் வாயையும் அடைக்கிறது. 2022இல், நஷ்டம் என்று சொல்லி, இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு உத்தரவிட்டது.

நிலம் காட்டுக்குத் திரும்பலாம். கடல் கடந்து வந்தவன் எந்த ஊருக்குத் திரும்புவான்? உழைத்த மலையிலேயே மனையும் பட்டாவும் கொடு என்கிறோம். இது பிச்சையல்ல, பாக்கி!