கல்வி வழிகாட்டி: பட்டம் கிடைக்கும், வக்கீலாக முடியாது

அன்புச் சகோதரிக்கு,

கணவருடன் அமெரிக்காவில் வாழும் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. 'பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்டார்கள். பாராலீகல் என்னும் நான்காண்டுப் பட்டப் படிப்பில் சேர விரும்புகிறேன். அதை முடித்தால் வக்கீலாகிவிடலாம் என்று உறவினர்கள் கூறுகிறார்கள். சேரலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஐயம் வேறு குடும்பங்களிலும் இருக்கக்கூடும். எனவே இம்மாதப் பகுதியைத் தங்கள் கடிதத்திற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் உறவினர்களின் கூற்றைத் திருத்திவிடுவோம். இப்படிப்பு யாரையும் வக்கீலாக்குவதில்லை. அங்கு வக்கீலாக விரும்புவோர், ஏதேனும் ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்ற பின், பொதுவாக மூன்றாண்டுகள் சட்டக் கல்லூரியில் பயின்று, தாம் தொழில் புரியவிருக்கும் மாநிலத்தின் வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். பாராலீகல் பட்டத்தை வைத்துக்கொண்டும் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கென்று இப்பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. வரலாறோ கணிதமோ படித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

அப்படியானால் பாராலீகல் என்பவர் யார்? வக்கீலின் மேற்பார்வையில் சட்டப் பணி செய்பவர். முன்தீர்ப்புகளைத் தேடி எடுத்தல், மனுக்களின் வரைவைத் தயாரித்தல், சாட்சியங்களையும் ஆவணங்களையும் ஒழுங்குபடுத்துதல், கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு எழுதுதல், தவணை நாட்கள் தவறாமல் பார்த்தல் ஆகியவை அவருடைய பணிகள். இவ்வுழைப்பைச் சாதாரணமாகக் கருதிவிட வேண்டாம். வென்ற தரப்பின் வக்கீல் கட்டணத்தைத் தோற்ற தரப்பு செலுத்த வேண்டிய ஒரு வழக்கில், பாராலீகல்களின் உழைப்பையும் சந்தை விலைப்படியே கணக்கிடலாம் என்று 1989ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி எல்லைக் கோட்டைக் கவனியுங்கள். பாராலீகல் தாமாகவே எவருக்கும் சட்ட ஆலோசனை கூறலாகாது. நீதிமன்றத்தில் வாதாடலாகாது. வழக்கை ஏற்கவோ, கட்டணத்தை நிர்ணயிக்கவோ கூடாது. அரிசோனா போன்ற சில மாநிலங்கள் மட்டும், தனி உரிமம் பெற்ற சட்டப் பணியாளர்களைச் சிலவகை வழக்குகளில் அனுமதிக்கின்றன. அந்த ஏற்பாடு அங்கு 2021இல் தொடங்கியது. மற்றபடி இவ்வரம்பை மீறுதல், உரிமமின்றி வக்கீல் தொழில் புரிந்த குற்றமாகும்.

சகோதரியே, தங்களுக்கு வரும் முதல் சோதனை வகுப்பறையில் அன்று, வீட்டு வாசலிலேயே வரும். அடுத்த வீட்டுப் பெண்மணி குடியேற்றத் துறையின் படிவத்துடன் வருவார். 'நீதான் சட்டம் படிக்கிறாயே, இதில் எந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும்?' என்று கேட்பார். அன்பின் காரணமாகத் தாங்கள் சொல்லும் ஒரு தவறான பதில், அக்குடும்பம் அந்நாட்டில் வாழும் உரிமைக்கே ஆபத்தாகிவிடலாம். 'இதை வக்கீலிடம் கேட்பதே முறை' என்று கூறும் உறுதி வேண்டும். அதுபோலவே, அலுவலகத்தில் தங்கள் காதில் விழும் கட்சிக்காரரின் இரகசியம் ஓர் அமானிதம். நெருங்கிய உறவினரிடம்கூட அதை அவிழ்க்கலாகாது.

உதவ வேண்டும் என்னும் ஆர்வத்திற்கு நேர்வழி ஒன்றும் உண்டு. அமெரிக்க நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்கள், சமய அமைப்புகள் ஆகியவற்றின் மூலம், வக்கீல் அல்லாதவரும் முறைப்படி அனுமதி பெற்றுக் குடியேற்ற விவகாரங்களில் மக்களுக்குத் துணைநிற்கலாம். இதற்குப் பாராலீகல் பயிற்சி நல்ல அடித்தளமாக அமையும்.

அடுத்து, பொருட்செலவு. நான்காண்டுப் பட்டம் ஒன்றே வழியன்று. சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டுப் படிப்பு உண்டு. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்குக் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. தாங்கள் ஊரில் பட்டம் பெற்றவராயின், அதன் மதிப்பை முதலில் அங்கு மதிப்பீடு செய்யுங்கள். மீண்டும் நான்காண்டுகள் செலவிட வேண்டிய அவசியம் நேராது போகலாம். இரண்டாண்டு படித்துப் பின்னர் பட்டத்திற்கு மாற எண்ணினால், எந்தெந்தப் பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1975 முதல் இப்படிப்புகளுக்கு ஒப்புதல் அளித்து வருகிறது. அவ்வொப்புதல் கல்லூரியின் பாடத்திட்டத்திற்கு உரியதேயன்றி, படிப்பவருக்கு வழங்கப்படும் உரிமம் அன்று. 'எங்களிடம் படித்தால் வக்கீலுக்குச் சமம்' என்று எவரேனும் விளம்பரம் செய்தால், விலகி நில்லுங்கள்.

ஒருநாள் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், மற்றொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி வக்கீலாகப் பதிவு செய்ய, அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம் வேண்டும். பாராலீகல் பட்டம் அதற்கு ஈடாகாது. ஏழைகளுக்கு உதவும் பாராலீகல் தொண்டர் திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் வகுத்தது. அத்தொண்டராவதற்குப் பட்டமே தேவையில்லை.

ஆகவே எமது கருத்து இதுதான்: வக்கீலாவதே தங்கள் இலட்சியமாயின், இப்படிப்பு சுற்றுவழி. வக்கீலின் பின்னே நின்று, வழக்கைத் தாங்கும் தூண்களில் ஒன்றாக இருக்க மனம் ஒப்பினால், தயங்காமல் சேருங்கள். எதற்காகப் படிக்கிறோம் என்பதைத் தெளிந்து, கணவருடனும் கலந்து பேசி, அதன் பின்னரே கட்டணம் செலுத்துங்கள்.

வஸ்ஸலாம்.