‘பிள்ளை பெத்து முடிஞ்சுதுதானே’ என்ற வசனத்துக்கு எதிராக

“பிள்ளையளும் வளந்திட்டுதுகள், இனி அது என்னத்துக்கு? எடுத்துவிட்டால் நிம்மதிதானே.”

கர்ப்பப்பையை அகற்றும் ஒப்பரேஷன் பற்றி வன்னியில் எங்கள் அம்மாமாருக்கும் சித்திமாருக்கும் கிடைக்கிற விளக்கம் அநேகமாக இவ்வளவுதான். சில வேளை இதை வைத்தியசாலையில் சொல்லுகினம். சில வேளை புருஷன் சொல்லுவார், மாமி சொல்லுவா, பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவா. இந்த ஒப்பரேஷன் உண்மையிலேயே தேவைப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். எங்களுக்குச் சண்டை இந்த வசனத்தோடுதான். பெண்ணின் உடம்பில் ஓர் உறுப்பைப் பிள்ளை பெறுகிற சாமானாக மட்டும் கணக்கெடுத்து, ‘வேலை முடிஞ்சுது, கழற்று’ என்று சொல்லுகிற வசனம் இது. இதைச் சொன்ன பிறகு வேறொரு விளக்கமும் தேவையில்லை என்றாகி விடுகிறது.

முதலில் எதை எடுக்கிறார்கள் என்பதையே பார்ப்போம். எங்கள் பேச்சில் எல்லாம் ‘கர்ப்பப்பை’தான். ஆனால் அங்கே கருப்பை இருக்கிறது, அதன் அடியில் கருப்பைக் கழுத்து இருக்கிறது, இரண்டு பக்கமும் சூலகங்கள் இருக்கின்றன. கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஆனால் சூலகங்கள் ஓமோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அப்போதும் மாதவிடாய் நிறைவு, அதாவது மெனோபோஸ், வழமையை விட முந்தி வரலாம். இரண்டு சூலகங்களையும் சேர்த்து எடுத்தால் மெனோபோஸ் உடனேயே வந்துவிடும்: உடம்பு கொதிக்கும், நித்திரை வராது, யோனி வறண்டு போகும். அது இளவயதில் நடந்தால் எலும்பு தேய்வதற்கும் இதய நோய்க்கும் ஆபத்துக் கூடுகிறது. கருப்பைக் கழுத்தை விட்டு வைத்திருந்தால் புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தொடர்ந்து செய்யவும் வேண்டும்.

ஒப்பரேஷன் முடிந்து பத்து வருசமான ஒரு அம்மாவிடம் “சூலகத்தையும் எடுத்தவையோ?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீடுகளில் கேட்டோம். “ஆருக்குத் தெரியும், எல்லாத்தையும் எடுத்திருப்பினம்” என்பதுதான் பதில். வீட்டுக்கு வரும்போது கொடுத்த காட்டில் விபரம் இருக்கிறது, ஆங்கிலத்தில். அது அலுமாரியில் காணி உறுதியோடு பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது, வேறு வழிகள். அதிக இரத்தப்போக்கு என்பது ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் நார்க்கட்டி இருக்கலாம், தைரொயிட் பிரச்சினை இருக்கலாம், ஓமோன் குழப்பம் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்தால் பல பேருக்கு மாத்திரையால் அல்லது ஓமோன் சுரக்கும் லூப்பால் கட்டுப்படுத்தலாம். கட்டியை மட்டும் எடுக்கிற ஒப்பரேஷனும் இருக்கிறது. மெனோபோஸுக்குப் பிறகு பல கட்டிகள் தாமாகவே சுருங்கும். கருப்பை இறக்கத்துக்கு வளையம் வைக்கலாம், இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி செய்யலாம். தொற்றினால் வெள்ளைபட்டால் அதற்கு மருந்து இருக்கிறது, கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் தெரிந்தாலும் அநேகமாக அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் சிகிச்சை செய்யலாம். ஆனால் கருப்பைப் புற்றுநோய் என்றால், பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் நிற்காமல் போனால், மற்ற வழிகளெல்லாம் பார்த்தும் பலனில்லாமல் அந்தப் பெண்ணே இதை விரும்பினால், இந்த ஒப்பரேஷன் உயிரையும் வாழ்க்கையையும் காப்பாற்றும். மெனோபோஸுக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் வெட்கப்படாமல் உடனே காட்ட வேண்டும்.

மூன்றாவது, ஆபத்துகள். பெரும்பாலான பெண்கள் சுகமாகத்தான் வீடு திரும்புகிறார்கள். ஆனாலும் இது பெரிய ஒப்பரேஷன். இரத்தம் கூடப் போகலாம், தொற்று வரலாம், காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போகலாம். சலப்பையும் சிறுநீர்க் குழாய்களும் கருப்பையை ஒட்டியே இருப்பதால் அவற்றில் காயம் படலாம். பல வருசம் கழித்து யோனியின் மேற்பகுதி கீழிறங்கவும் கூடும். இதையெல்லாம் சொன்னால் ‘பெண்டுகள் பயந்திடுவினம்’ என்கிறார்கள். சொல்லாமல் விட்டால் பயம் போய்விடுமா?

சொல்லாமல் விட்டால் எதுவரை போகும் என்பதற்கு மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கேயிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் தண்டப்பணம். மாதவிடாயும் வயிற்று நோவும் கூலியைத் தின்றன. ‘எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை’ என்ற அதே கதை அங்கேயும் சொல்லப்பட்டது. 2019இல் அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. ஆறு பேருக்கு ஒருவர். பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் நடந்த தேவையற்ற ஒப்பரேஷன்கள் பற்றிய வழக்கில், 2023 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தடுக்கும் வழிகாட்டல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

“அது இந்தியா. அங்கே தனியார் ஆஸ்பத்திரி, காப்புறுதிக் காசு. இங்கே எல்லாம் இலவசம்தானே” என்று சிலர் சொல்லலாம். சரி, இலவச மருத்துவம் எங்களுடைய பெரிய பலம், அதைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் காசு இல்லாத இடத்திலும் சம்மதம் இல்லாமல் போகலாம். 2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் தாய்மார் பலருக்குக் கையில் தோலுக்கடியில் வைக்கிற கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டன. சரியான விளக்கமில்லாமல், நெருக்குதல் கொடுத்து வைத்தார்கள் என்று பெண்கள் சொன்னது அறிக்கையாக வெளிவந்தது. அதிகாரிகள் மறுத்தார்கள். அந்தக் குச்சியைத் திரும்ப எடுக்கலாம். எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க ஏலாது. எடுக்கக்கூடிய ஒன்றுக்கே இவ்வளவு கேள்வி எழும்பிய மண்ணில், எடுத்தால் திரும்பாத ஒன்றுக்கு எத்தனை மடங்கு விளக்கம் இருக்க வேண்டும்?

அடுத்தது ஓய்வு. “ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது” என்று சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் போரில் புருஷனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற அக்காவுக்குத் தண்ணீர்க் குடத்தை ஆர் தூக்குவது? கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. நுண்கடன் காசு கேட்டுக் கிழமைக்கொருக்கால் படலையில் வந்து நிற்பவருக்கு ஒப்பரேஷன் காயம் தெரியாது. ஆகவே அவ மூன்றாம் கிழமையே வேலைக்குப் போகிறா. பிறகு நோவு வந்தால் ‘சொன்னதைக் கேட்கேல்லை’ என்று பழியும் அவவின் தலையில்தான்.

அதனால் நாங்கள் கேட்பது இவைதான். எதை எடுக்கப் போகிறார்கள், ஏன், வேறு என்ன வழி, என்ன ஆபத்து என்பவற்றைத் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து, யோசித்துவிட்டு வர, அவசரமில்லாத நோயாளிக்கு நாள் கொடுங்கள். எடுத்த பிறகு எடுத்தது என்ன என்பதையும் தமிழில் எழுதுங்கள். ஆறு கிழமை ஓய்வு சொல்கிற அரசு, கூலிப் பெண்களுக்கு அந்த ஆறு கிழமைக்கான உதவிப் பணத்தையும் யோசிக்கட்டும்.

வாசிக்கிற உங்களுக்கும் வேலை இருக்கிறது. அம்மாவுக்கு 35 வயது தாண்டியிருந்தால் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருக்காலாவது போனவவா என்று கேளுங்கள். கருப்பைக் கழுத்துப் பரிசோதனை அங்கே இலவசம். ஒப்பரேஷன் என்று சொன்னால் கூடப் போங்கள். “டொக்டர், வேற வழி இருக்கோ? சூலகத்தையும் எடுப்பீங்களோ? இப்ப செய்யாட்டி என்ன நடக்கும்?” என்று மூன்று கேள்வியைக் கேளுங்கள். பதில் விளங்காவிட்டால் இன்னொரு டொக்டரைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. தம்பிமாரே, இது ‘பொம்பிளையளின்ர கதை’ என்று எழும்பிப் போகாதீர்கள். அந்த ஆறு கிழமைக்குக் குடத்தைத் தூக்க வேண்டியது நீங்கள்தான்.

கர்ப்பப்பையை எடுப்பதா வைத்திருப்பதா என்று கடைசியில் முடிவெடுக்க வேண்டியது அந்தப் பெண். முடிவெடுக்கத் தேவையான அறிவை அவவுக்குக் கொடுக்காமல் வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று நாங்கள் ஏற்கமாட்டோம்.