காசைத் திருப்பிப் பாருங்கள்!



கடைக்குப் போய் வந்ததும் மீதிச் சில்லறையை அம்மாவிடம் கொடுக்கிறீர்கள். சில நாள் உண்டியலில் போடுகிறீர்கள். பேருந்தில் ஏறினால் நடத்துநரிடம் நீட்டுகிறீர்கள். நாள்தோறும் கையில் புரளும் அந்தக் காசை ஒரு தடவையாவது உற்றுப் பார்த்ததுண்டா? கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் பார்ப்போம். 1 ரூபாய் நாணயத்தில் ஆண்டு எந்த இடத்தில் இருக்கிறது? அந்த ஆண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

"கீழே ஒன்றுமில்லையே!" என்கிறீர்களா? நாலைந்து காசுகளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் சின்னப் புள்ளி இருக்கும். இன்னொன்றில் டைமன் வடிவம் இருக்கும். மற்றொன்றில் நட்சத்திரம் இருக்கும். வேறொன்றில் எதுவுமே இருக்காது. இவையெல்லாம் அழகுக்காகப் போட்டவை அல்ல. அந்தக் காசு எந்த ஊரில் பிறந்தது என்று சொல்லும் முகவரி!

நம் நாட்டில் காசு அடிக்கும் நாணயச் சாலைகள் நான்கு. டைமன் இருந்தால் அது மும்பையில் பிறந்த காசு. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இனி உங்கள் உண்டியலில் இருப்பது வெறும் சில்லறை அல்ல. நாலு ஊர்க்காரர்கள் கூடியிருக்கும் கூட்டம்!

சில காசுகள் கடல் கடந்தும் வந்திருக்கின்றன. நமக்கு வேண்டிய அளவு இங்கே அடிக்க முடியாமல் போன ஆண்டுகளில், அரசு வெளிநாட்டு நாணயச் சாலைகளிலும் காசு அடித்து வாங்கியது. 1985-ஆம் ஆண்டின் 1 ரூபாய்க் காசுகள் சிலவற்றில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அவை இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடிக்கப்பட்டவை. 1999-ஆம் ஆண்டின் 5 ரூபாய்க் காசுகள் சில ரஷ்யாவின் மாஸ்கோவிலிருந்து வந்தவை.

இப்படிக் காசுகளைத் தேடிப் பார்ப்பது உலகம் முழுவதும் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அமெரிக்காவில் வங்கிகள் நாணயங்களைக் காகிதத்தில் சுருட்டித் தருகின்றன. 1 சென்ட் என்றால் ஒரு சுருளில் 50 காசுகள். அரை டாலர் என்றால் 20 காசுகள். அங்கே சிறுவர்களும் பெரியவர்களும் அந்தச் சுருள்களை வாங்கி வந்து, ஒவ்வொரு காசாகப் பிரித்துப் பார்ப்பார்கள். பழைய ஆண்டு, வெள்ளி கலந்த காசு, அடிக்கும்போது பிழையானது, கீறலே விழாத புத்தம் புதியது என்று தேடி எடுப்பார்கள். மற்றதை வங்கியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

நமக்குச் சுருள் வேண்டாம். உண்டியல் போதும். வீட்டில் யாராவது கடை வைத்திருந்தால் இன்னும் நல்லது. இரவில் சில்லறை எண்ணும் வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கும் உதவி, உங்களுக்கும் தேடல்! பிடித்த காசு கிடைத்தால், அதே மதிப்புள்ள வேறு காசை வைத்துவிட்டு, சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் எடுக்கக் கூடாது.

எதையெல்லாம் தேடலாம்? நம் தமிழகத்தோடு தொடர்புள்ள காசுகளிலிருந்து தொடங்குங்களேன். 1995-இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவம் பொறித்த 1, 2, 5 ரூபாய்க் காசுகள் வந்தன. காமராஜரின் நூற்றாண்டுக்காக 2003-இல் 5 ரூபாய்க் காசு வந்தது. அண்ணாவின் நூற்றாண்டுக்காக 2009-இல் வந்த 5 ரூபாய்க் காசில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது! தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் ஒரு 5 ரூபாய்க் காசு வந்தது. 

அடுத்து, பிழைக் காசுகள். பிழை எப்படி வருகிறது என்று புரிய, காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். அதில் படமும் இருக்காது, எழுத்தும் இருக்காது. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் வில்லையை வைத்து, இயந்திரம் பலத்த அழுத்தம் கொடுக்கிறது. ஒரே நொடியில் இரண்டு பக்கமும் பதிந்துவிடுகிறது. வில்லை சரியாக உட்காராமல் நகர்ந்தால் படம் ஓரமாகப் போய்விடும். அச்சில் விரிசல் விட்டால் காசின் மேல் மெல்லிய கோடு மேடாகத் தெரியும்.

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். ஒரு காசில் சிங்க முகங்கள் நேராக இருக்கும்படி பிடியுங்கள். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல், இடது வலமாகத் திருப்புங்கள். பின்பக்கமும் நேராக இருக்க வேண்டும். அது சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால், அச்சு தன் இடத்திலிருந்து திரும்பிக்கொண்டது என்று பொருள். நூறு காசு பார்த்தாலும் ஒன்று கிடைக்காமல் போகலாம். கிடைத்தால் அன்று உங்களுக்குத் தீபாவளிதான்!

ஒரு காந்தத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1992 முதல் 2004 வரை வந்த 2 ரூபாய்க் காசு நினைவிருக்கிறதா என்று தாத்தாவிடம் கேளுங்கள். அது வட்டமாக இருக்காது; அதற்கு 11 பக்கம். செம்பும் நிக்கலும் கலந்தது. அதைக் காந்தம் இழுக்காது. 2005 முதல் 2 ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகில் வந்தது. அது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் 2 ரூபாய்தான். ஆனால் உலோகம் வேறு.

காந்தம் என்றதும் ஓர் உண்மைக் கதை சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம். போர்த் தளவாடங்கள் செய்யச் செம்பு தேவைப்பட்டது. அதனால் அமெரிக்காவில் 1943-இல் மட்டும் 1 சென்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். ஆனால் முந்தைய ஆண்டின் செம்பு வில்லைகள் சில எப்படியோ இயந்திரத்தில் சிக்கி, 1943 என்ற ஆண்டோடு வெளியே வந்துவிட்டன.

1947-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 16 வயது மாணவர் ஒருவருக்குப் பள்ளி உணவகத்தில் வாங்கிய சில்லறையில் அப்படி ஒரு காசு கிடைத்தது. நிறம் மாறியிருக்கிறதே என்று அவர் எடுத்து வைத்தார். அந்த நாளில் ஒரு வதந்தி உலவியது. 1943-ஆம் ஆண்டின் செம்புக் காசு கொண்டுவருவோருக்கு ஃபோர்டு நிறுவனம் புதுக் கார் தருமாம்! அவர் அந்த நிறுவனத்திடமே விசாரித்தார். அது பொய் என்று தெரிந்தது. அரசின் கருவூலத் துறைக்கு எழுதிக் கேட்டார். "அந்த ஆண்டின் காசுகள் எல்லாமே எஃகுதான்" என்று பதில் வந்தது. ஆனாலும் தன் கண் கண்டதை அவர் தூக்கி எறியவில்லை. காசைப் பத்திரமாக வைத்திருந்தார். அவர் 2018-இல் காலமானார். 2019 ஜனவரியில் அந்த 1 சென்ட் காசு 2,04,000 டாலருக்கு ஏலம் போனது! எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுகிறவர்களும் அங்கே உண்டு. காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இருப்பது எஃகு என்று பிடித்துவிடலாம்.

பார்த்தீர்களா குழந்தைகளே! வதந்தி ஒன்று சொன்னது. அலுவலகம் ஒன்று சொன்னது. காசு தன் உண்மையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தவருக்கு அது கேட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்ததே இதைத்தான். 10 ரூபாய் நாணயத்தை நீட்டினால் "செல்லாது, வேறு கொடு" என்று சொன்னவர்களைப் பார்த்திருப்பீர்கள். தமிழகத்தின் பல ஊர்களில் கடைகளிலும் பேருந்துகளிலும் இது நடந்தது. காரணம் என்ன? "10 கோடு இருந்தால் நல்ல காசு, 15 கோடு இருந்தால் கள்ளக் காசு" என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தி.

உண்மை என்ன தெரியுமா? ரூபாய்க்கான குறியீட்டை அரசு 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அதை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். 2011 முதல் அந்தக் குறியீடு காசுகளில் இடம்பெற்றது. அதற்கு ஏற்றபடி 10 ரூபாய்க் காசின் வடிவமும் மாறியது. கோடுகளின் எண்ணிக்கையும் மாறியது. அவ்வளவுதான்! 10 ரூபாய் நாணயங்கள் அதுவரை 14 வடிவங்களில் வந்துள்ளன என்றும், அத்தனையும் செல்லும் என்றும் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவித்தது.

அறிவித்த பிறகும் வதந்தி உடனே ஓயவில்லை. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 2022-இல் என்ன செய்தார் தெரியுமா? 10 ரூபாய் நாணயங்களாகவே சுமார் 6 லட்சம் ரூபாய் சேர்த்து, மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு காரே வாங்கினார்! இந்தக் காசு செல்லும் என்று ஊருக்குக் காட்டத்தான் அப்படிச் செய்தார்.

யோசித்துப் பாருங்கள். நாளெல்லாம் வெயிலில் உட்கார்ந்து பூ விற்கும் பாட்டியிடம் அன்றைய வரும்படியாக ஐந்தாறு 10 ரூபாய்க் காசுகள் இருக்கின்றன. மளிகைக் கடையில் அவற்றை வாங்க மறுத்தால் அந்தப் பாட்டி என்ன செய்வார்? பணம் இருந்தும் அரிசி வாங்க முடியாது. வேறு மாதிரி இருப்பதெல்லாம் கள்ளம் என்று, பார்க்காமலே பேசியதன் விலையை அவர்தான் கொடுக்க வேண்டும். ஆண்டையும் குறியையும் கோடுகளையும் பார்த்துப் பழகிய ஒரு சிறுவனோ சிறுமியோ அந்தக் கடையில் நின்றால், "அண்ணாச்சி, இது 2009-ஆம் வருஷக் காசு. அப்போது ரூபாய்க் குறியீடு கிடையாது. அதனால்தான் இப்படி இருக்கிறது. இது செல்லும்" என்று பணிவாக எடுத்துச் சொல்லலாமே!

வதந்திக்கு இன்னொரு முகமும் உண்டு. "இந்தப் பழைய 5 ரூபாய் இருக்கிறதா? உங்களுக்கு 5 லட்சம்!" என்று கைப்பேசியில் செய்தி வரும். ஆசையாகப் பேசினால், "முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். கட்டிய பணம் போனது போனதுதான். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி மோசடி செய்கிறார்கள். தாங்கள் இத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை என்றும், எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்றும் 2021 ஆகஸ்டில் அந்த வங்கி எச்சரித்தது. அமெரிக்க மாணவர் கார் வதந்தியைக் கேட்டதும் என்ன செய்தார்? உரிய இடத்தில் விசாரித்தார். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். நமக்குக் கிடைக்கும் காசுகளில் மிகப் பெரும்பாலானவை, மேலே போட்ட மதிப்புக்குத்தான் பெறும். அதனால் என்ன? தேடும் மகிழ்ச்சிக்கு விலையா போட முடியும்!

சேர்க்கத் தொடங்கும் முன் சில குறிப்புகள். காசைப் புளி, சாம்பல், பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குடம் பளபளக்கும். காசோ தன் இயல்பான மினுக்கத்தை இழந்து, நுண்ணிய கீறல் விழுந்து பாழாகும். புதுக் காசை விளிம்பைப் பிடித்தே எடுங்கள். நடுவில் விரல் பட்டால் வியர்வைக் கறை படியும். ஒவ்வொன்றையும் சிறு காகித உறையில் போட்டு, ஆண்டையும் நாணயச் சாலையையும் எழுதி வையுங்கள். காசை வாயில் வைக்கவே கூடாது. பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தேவையில்லாத காசுகளை முடக்கி வைக்காமல் புழக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். சில்லறை ஓடினால்தான் ஊருக்கு நல்லது.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் இருக்கும் காசுகளைக் கொட்டி, நான்கு ஊர்களாகப் பிரியுங்கள். எந்த ஊர்க் காசு அதிகம் என்று எண்ணி, நோட்டில் எழுதுங்கள். பிறகு 10 ரூபாய்க் காசுகளை மட்டும் வரிசையாக அடுக்கி, எத்தனை வடிவம் இருக்கின்றன என்று பாருங்கள். அந்த வரிசையை அம்மா, அப்பா, பக்கத்துக் கடைக்காரர் எல்லோரையும் அழைத்துக் காட்டுங்கள். அத்தனையும் செல்லும் என்று சொல்லுங்கள்.

நாணயம் என்ற சொல்லுக்கு நம் தமிழில் நேர்மை என்றும் ஒரு பொருள் உண்டு. பார்க்காமல் பழி சொல்லாதிருப்பதும், விசாரிக்காமல் நம்பாதிருப்பதும் அந்த நாணயத்தில் சேர்ந்தவைதான்.

என்ன குழந்தைகளே, உண்டியலைத் திறக்கலாமா?