டிஸ்க் ஒட்டுதா? பேடு மாத்துறதுக்கு முன்னாடி...

பழைய மாருதி 800, ஜென் வச்சிருக்கவங்க அடிக்கடி கேக்குற வசனம்: "டிஸ்க் ஜாம் சார், பேடு மாத்திரலாம்." என்னைக் கேட்டால், காரணம் தெரியாமல் பேடு மாத்துறது வெட்டிச் செலவு. வைத்தியநாதர் கோயில் இருக்கிற மடவார் வளாகத்துக்காரன் சொல்றேன், முதல்ல நோய் என்னன்னு பாக்கணும், அப்புறம்தான் மருந்து :)

ராஜபாளையத்திலிருந்து எங்க ஊர் வரை பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வாங்க. நிறுத்தியதும் முன் வீல்கள் பக்கம் கையைக் காட்டுங்க (தொட்டுடாதீங்க, தோல் போயிடும்!). ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்து காலிப்பர் அல்லது ஹோஸ். ரெண்டு பக்கமும்னா மாஸ்டர் சிலிண்டர், பெடல் ஃப்ரீ ப்ளே பாக்கணும்.

அடுத்து, பின் வீலுக்குக் கல் வச்சு, முன்னாடி ஜாக்கி, ஸ்டாண்டு போட்டு, வீல் இறுகி இருக்கும்போதே பிளீடரை லேசாத் திறக்கச் சொல்லுங்க. வீல் உடனே ஃப்ரீயானால் பிரஷர் திரும்பலைன்னு அர்த்தம். ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைச்சிருக்கும், இல்லேன்னா மேலே மாஸ்டர் சிலிண்டர். அப்பவும் இறுக்கமா? பிஸ்டன் துருப்பிடிச்சிருக்கும், இல்லை ஸ்லைடு பின் காய்ஞ்சிருக்கும். புதுப் பேடு இதில் எதைச் சரிபண்ணும், சொல்லுங்க?

டிஸ்க்கில் பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் கிடையாது. நெளிந்து திரும்புகிற ஒரு ரப்பர் சீல்தான். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தலைன்னா துருதான்.

"மைலேஜ்தானே குறையுது"ன்னு விடாதீங்க. சூட்டில் ஆயில் கொதிச்சா பெடல் தரைக்குப் போயிடும். அப்போ எந்த வைத்தியமும் உதவாது.