கணினிப் பழுதும் கருத்தொழுங்கும்

இல்லத்துக் கணினி இன்று வெறுங் கருவியன்று. குடும்பத்தின் கணக்கும், கடிதங்களும், நிழற்படங்களும், பிள்ளைகளின் பாடக்குறிப்புக்களும் ஒருங்கே வைக்கப்பெற்ற பெட்டகம் அது. பெட்டகத்தின் பூட்டை மாற்றப் புகுவோர் உள்ளிருக்கும் பொருளை முதற்கண் எடுத்துப் பத்திரப்படுத்துவர். கணினியின் இயங்குதளத்தை மாற்றப் புகுவோருள் அங்ஙனஞ் செய்வார் எத்துணையர்? செய்யாதாருள் யாமும் ஒருவராயிருந்தோம் என்பதைச் சிறிது நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். பழுது நேர்ந்தவிடத்து முதற்கண் வேண்டுவது நுட்ப அறிவன்று, ஒழுங்கான நோக்கமே என்பது எம் கருத்து. அதனை எமக்கு நேர்ந்ததொன்றைக் கொண்டே ஈண்டு விளக்குவாம்.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11 இயங்குவதற்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், அந்நிறுவனம் வகுத்த பட்டியலில் அடங்கிய செயலியும் வேண்டும். எமது கணினி 2016 இல் வாங்கியது. அதன் செயலி அப்பட்டியலில் இல்லை. நன்னிலையிலுள்ள கருவியைப் பட்டியலொன்றின் பொருட்டு ஒதுக்கிவிடுதல் எமக்கு உடன்பாடன்று. ஆதலின் லினக்ஸ் வகையைச் சார்ந்த உபுண்டுவை விண்டோசுக்குப் பக்கத்திலேயே நிறுவத் துணிந்தோம். துணிவு நன்றே, முறைதான் தவறிற்று.

உபுண்டு அடங்கிய யூ.எஸ்.பி. கோலிலிருந்து கணினி துவங்க மறுத்தது. உடனே அடிப்படை அமைப்பினுட் புகுந்து, ‘யூ.இ.எஃப்.ஐ.’ என்றிருந்த துவக்க முறையை ‘லெகசி’ என்னும் பழைய முறைக்கு மாற்றினோம். கணினி துவங்கிற்று, மகிழ்ந்தோம். நிறுவுதல் ஏறக்குறைய முடியுந் தறுவாயில், துவக்க நிரலை வட்டில் வைக்க இயலவில்லை என்றோர் அறிவிப்புத் தோன்றியது. மீண்டும் இயக்கினால் உபுண்டுவும் இல்லை, விண்டோசும் இல்லை. துவங்கத்தக்க வட்டு யாதுமில்லை என்னும் ஒற்றை வரியே கருந்திரையில் நின்றது.

அதன்மேல் யாம் செய்தனவே பெரும் பிழைகள். துவக்க வரிசையை மாற்றினோம். செக்யூர் பூட் என்னும் காப்பினை நிறுத்தினோம். பயன் காணாது வேறு சிலவற்றையுந் தொட்டோம். எதை எப்பொழுது தொட்டோம் என்று குறித்து வைத்தோமில்லை. நள்ளிரவில் மீண்டும் யூ.எஸ்.பி. கோலைச் செருகியபொழுது, வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்னும் வழியைத் திரை காட்டிற்று. களைத்த உள்ளத்திற்கு அது எளிதாகத் தோன்றியது. விரல் அதனை நெருங்குகையில், அருகில் நின்ற எம் மகள், “அப்பா, என் ஆய்வேட்டின் மூன்று இயல்களும் அதில்தானே இருக்கின்றன?” என்றாள். அவற்றிற்கு வேறு படி இல்லை. கணினியை அணைத்துவிட்டு உறக்கமின்றிக் கிடந்தோம்.

மறுநாள் எம் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அவர் கணினியைத் தொடுமுன் ஒரு தாளும் எழுதுகோலும் கேட்டார். “ஐயா, கடைசியாக எப்பொழுது இது நன்றாக இயங்கியது? அதன்பின் தாங்கள் மாற்றியவை யாவை?” என்றார். இருபது ஆண்டுகளாகப் பிறரை வினவியே பழகிய யாம் அவ்வினாவிற்கு விடையின்றி நின்றோம். அவர் அமைப்பு முழுவதையும் அதன் முதல்நிலைக்கு மீட்டார். அடுத்த நிமிடத்தில் விண்டோஸ் எழுந்தது! பழுது நீங்கிற்றென யாம் ஆர்ப்பரிக்க, அவரோ பழுதைப் பின்னர்ப் பார்ப்போமென்று சொல்லி, கோப்புக்கள் அனைத்தையும் வேறொரு வட்டிற் படியெடுத்தார். உபுண்டுவின் துவக்க நிரலை உரிய இடத்தில் வைத்தது அதற்குப் பின்னரே.

காரணம் யாதோவெனின், பழைய பயாஸ் முறை வட்டின் முதற் கூறாகிய 512 பைட்டுக்களை நோக்கித் துவங்குவது, யூ.இ.எஃப்.ஐ. முறையோ தனக்கென ஒதுக்கிய சிறு பிரிவொன்றில் உள்ள கோப்பைத் தேடித் துவங்குவது. எமது விண்டோஸ் புதிய முறையில் அமைந்தது. யாம் பழைய வாயிலைத் திறந்து வைத்து, புதிய வாயிலில் நின்றவரைக் காணவில்லையென்று புலம்பினோம். வட்டும் கெடவில்லை, கோப்புங் கெடவில்லை. கெட்டது எமது பொறுமையே.

இதனின்று மாணவர் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, மாற்றத்திற்கு முன்னரே படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். வட்டு மறைக்குறியாக்கம் பெற்றிருப்பின், பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்க மீட்புத் திறவுகோலையும் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். இரண்டாவது, பழுது கண்டபின் வட்டில் யாதொன்றும் எழுதலாகாது, நிறுவாமலே யூ.எஸ்.பி. கோலிலிருந்து உபுண்டுவை இயக்கிக் கோப்புக்கள் உளவா என நோக்கலாம். மூன்றாவது, ஒருகாலத்தில் ஒன்றையே மாற்றி, விளைவைக் குறித்து, பயனில்லையேல் அதனைப் பழைய நிலைக்கு மீட்ட பின்னரே அடுத்ததைத் தொடுதல் வேண்டும். திருவள்ளுவர் 95 ஆம் அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் தணிக்கும் வழியை நாடுதல் வேண்டுமென வகுத்த முறையும் இதுவேயன்றோ?

இவையெல்லாம் பழுதுபார்ப்போர் தொழில். நமக்கெதற்கு என்பார் உளர். தொழிலாளியின் கைத்திறனை யாம் குறைத்துரையோம். ஆயின் வட்டினுள் உள்ளவற்றுள் எது விலைமதிப்பற்றது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? அழித்துப் புதிதாக நிறுவுதல் அவருக்கு விரைவில் முடியும் வேலை. நமக்கோ ஈராண்டு உழைப்பு. இயங்குதளத்தை மாற்றாதிருத்தலே நலமென்பாரும் உளர். பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினியை வலையிற் பிணைத்து வைத்தல், தாழில்லாக் கதவைத் தெருவிற்குத் திறந்து வைத்தலை ஒக்கும். மாற்றம் வேண்டுவதே, மாற்றுவோன் விழிப்போடிருத்தலே அதனினும் வேண்டுவது.

நம் கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்பிக்கின்றனர். நின்றுபோன கணினியின் முன் பதறாது அமர்ந்து, ஒவ்வொன்றாய் ஆராய்ந்து குறித்துக்கொள்ளும் பழக்கத்தையும் உடன் கற்பித்தல் வேண்டும் என்பது எம் துணிபு. இப்பழக்கம் கணினியோடு நின்றுவிடுவதன்று. ஆய்வுக்கூடத்திலும், அலுவலகத்திலும், இல்வாழ்க்கையிலும் ஒரு பிழை நேர்ந்தவுடன் பலவற்றை ஒருங்கே மாற்றி, முதற்பிழை எதுவென்றே அறியாமற் போவார் பலர். அவருள் ஒருவராகாதிருத்தற்கு ஒரு தாளும் எழுதுகோலும் போதும். எம் மகளின் ஆய்வேடு இன்று மூன்றிடங்களில் மூன்று படிகளாய் இருக்கின்றது. அம்மாணவர் எழுதிய தாளோ எமது மேசைமேல் ஒட்டப்பெற்றிருக்கின்றது.